வெறும் டப்பா திரும்பி வராது

டீச்சர் வீட்டுக்குப் போன டப்பா இந்த வாரம் நார்த்தங்காய் ஊறுகாயோடு திரும்பி வந்திருக்கிறது. போன வாரம் கைமுறுக்கு. அதற்கு முந்தின வாரம் வீட்டில் ஒன்றும் கைவசம் இல்லை போல, உள்ளே ஒரு கை சீனியைப் போட்டு மூடி அனுப்பியிருந்தார். கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இன்னும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி நான் சுடும் கேக் ஞாயிறு காலையில் ஐந்து டப்பாக்களில் ஏறி வெளியே போகும். புதன், வியாழனுக்குள் ஐந்தும் ஊறுகாயாகவும் வடகமாகவும் முருங்கைக்கீரையாகவும் வீடு வந்து சேரும். கணக்குப் பார்த்தால் லாபம் எனக்குத்தான்.

ஒன்பது வருஷமாக இது நடக்கிறது. எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி. ஒன்று, “வாராவாரம் யாருக்குப் பிறந்தநாள்?” இன்னொன்று, “இதை நீ ஏன் விக்கக் கூடாது?” முதல் கேள்விக்குப் பதில், யாருக்கும் இல்லை. இரண்டாவதுக்குப் பதில் கொஞ்சம் நீளம். பிறகு வருகிறேன்.

கேக் என்றாலே மெழுகுவத்தி, கைதட்டல், மூஞ்சியில் க்ரீம் பூசுவது என்று ஆகிவிட்டது. நான் சுடுவது க்ரீம் இல்லாத கேக். பொட்டு வைக்காத கேக் என்பாள் என் நாத்தனார். டீயோடு தின்னலாம், பிள்ளைக்கு டிபன் டப்பாவில் வைத்து அனுப்பலாம், ஆபீசில் மேஜை இழுப்பறைக்குள் ஒளித்து வைக்கலாம். பழைய பேக்கரிகளில் கண்ணாடி அலமாரிக்குள் பழுப்புத் தலையோடு உட்கார்ந்திருக்குமே சாதா கேக், அந்த வகையறா.

ஆரம்பம் குக்கரில். அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஆற்று மணல், அதன் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் கேக் டின், வெயிட் போடாமல் மூடி, சிம்மில் முக்கால் மணி நேரம். எல்லாம் சரியாகச் செய்தேன், மூடியின் காஸ்கெட்டைக் கழற்ற மட்டும் மறந்துவிட்டேன். தண்ணீர் இல்லாத குக்கரின் சூட்டுக்கு ரப்பர் தாங்குமா? வீடு முழுக்க ஒரு வாடை. கேக் என்னவோ நன்றாகத்தான் உப்பியிருந்தது. மகன் ஒரு வாய் தின்றுவிட்டு, “அம்மா, இது டயர் கேக்கா?” என்றான். அப்போது அவனுக்கு ஆறு வயது. இப்போதும் கேக் கொஞ்சம் தீய்ந்தால் அந்தப் பெயரைச் சொல்லத் தவறுவதில்லை.

அடுத்த மாசச் சம்பளத்தில் ஓடிஜி என்கிற மின்சார ஓவன் வாங்கினேன். அது அடுப்படிக்குள் வரவில்லை, பின்கட்டில்தான் இருக்கிறது. மாமியார் சுத்த சைவம். நானும் இவரும் பிள்ளைகளும் முட்டை சாப்பிடுவோம், ஆனால் முட்டை அடுப்படி வாசப்படி தாண்டக் கூடாது என்பது வீட்டு ஒப்பந்தம். ஆகவே பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், என் கேக் ராஜ்ஜியம்.

கேக் சுடச் சரியாகச் சொல்லித் தந்தவர் டீச்சர்தான். மூன்று வீடு தள்ளி இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். என் கேக் ஒரு வாரம் பஞ்சாகவும் ஒரு வாரம் செங்கல்லாகவும் வருவதைச் சொல்லிப் புலம்பினேன். “எதுல அளக்கே?” என்றார். டம்ளரில் என்றேன். “எந்த டம்ளரு?” பதில் இல்லை என்னிடம். “மொதல்ல ஒரு தராசு வாங்கு. முட்டையை ஒடச்சு ஊத்தி நிறுத்துப் பாரு. அது எவ்வளவு இருக்கோ அவ்வளவு வெண்ணெய், அவ்வளவு சீனி, அவ்வளவு மைதா. இதுக்குப் போயி டம்ளரைத் தூக்கிட்டு அலையுதியே.”

நாலு முட்டையை உடைத்து ஊற்றினால் ஏறக்குறைய 200 கிராம் வரும். நாமக்கல் முட்டை சில வாரம் சிறுத்து வரும், அப்போது 180. மற்ற மூன்றும் அதற்குத் தக்கபடி இறங்கும். அவ்வளவுதான் கணக்கு. வெள்ளைக்காரர்களின் பவுண்ட் கேக்கும் இதேதான், நாலும் ஒவ்வொரு பவுண்டு, அதாவது ஒவ்வொன்றும் 454 கிராம். அதனால்தான் அந்தப் பெயர். அந்தக் காலத்துப் பவுண்ட் கேக்கில் பேக்கிங் பவுடரே கிடையாது. கையால் அடித்து ஏற்றிய காற்றுதான் கேக்கைத் தூக்க வேண்டும். நான் பயந்தவள், ஒரு தேக்கரண்டி போட்டுக்கொள்கிறேன்.

டீச்சருடைய சின்ன வயதில் யார் வீட்டிலும் ஓவன் கிடையாது. கிறிஸ்மஸுக்கு நாலைந்து நாள் முன்னால் மாவைக் கலக்கி, பெரிய அலுமினியச் சட்டியில் ஊற்றி, துணி போட்டு மூடி, பேக்கரிக்குத் தூக்கிப் போவார்களாம். அங்கே விறகில் எரியும் போர்மா அடுப்பு. ரொட்டியெல்லாம் சுட்டு எடுத்த பிறகு, நெருப்பை இழுத்துப் போட்டுவிட்டு, ஆறிக்கொண்டிருக்கும் அந்தச் சூட்டில் ஊர்க்காரர்களின் கேக்கை உள்ளே தள்ளுவார்கள். ரொட்டிக்குச் சுள்ளென்று சூடு வேண்டும். பழக் கேக்குக்கு இறங்குமுகமான சூடு போதும், அதுதான் நல்லதும்கூட. சட்டி மாறிவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துண்டுச்சீட்டு. டீச்சரும் அவர் தம்பியும் பேக்கரி வாசலில் திண்ணையில் உட்கார்ந்து காவல் காப்பார்களாம். “எங்க கேக்குதான் பெருசா உப்பும்னு ரெண்டு பேருக்கும் நெனப்பு. உள்ள போனா எல்லாச் சட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

சொல்லிக்கொடுக்கும்போது டீச்சர் ஒன்றை விட்டுவிட்டார். அவர் கேக் சுட்டதெல்லாம் மார்கழியில். நான் சுடுவது சித்திரையிலும்.

வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிப்பது எதற்கு என்றால், சீனியின் சின்னச் சின்ன முனைகள் வெண்ணெய்க்குள் காற்றை இழுத்துக்கொண்டு போகும். வெண்ணெய் அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு வெண்ணெய் 18, 20 டிகிரியில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. வெண்ணெயை வெளியே எடுத்து வை, அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று எல்லாச் சமையல் குறிப்பிலும் எழுதியிருப்பார்கள். எந்த ஊர் அறை? மே மாசத்துத் திருநெல்வேலியில் வெண்ணெயை அரை மணி நேரம் வெளியே வைத்தால் விளக்கேற்றத்தான் ஆகும். உருகின வெண்ணெயில் காற்று நிற்காது. எவ்வளவு அடித்தாலும் கலங்கின எண்ணெய்தான், கேக் அடையாகத்தான் வரும். இது புரிய எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கப் போனது.

இப்போது செய்வது இப்படி. வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து வந்ததும் சின்னத் துண்டுகளாக நறுக்கிவிடுவேன். பத்தே நிமிஷம். பீட்டரைப் போடும்போது, அடிக்கிற பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் உட்கார வைப்பேன். நம் ஊர்ச் சீனி பெரும் பருக்கை என்பதால் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக்கொள்வேன், மாவாக்கிவிடக் கூடாது. மஞ்சளாக இருக்கும் வெண்ணெய் ஐந்தாறு நிமிஷத்தில் வெளுக்க ஆரம்பிக்கும். சத்தம்கூட மாறும். முதலில் கரகரவென்று மணலில் சைக்கிள் போகிற சத்தம், பிறகு தொளதொளவென்று. அந்த இடத்தில் முட்டை ஒவ்வொன்றாக. முட்டை சில்லென்று இருந்தால் கலவை பால் திரிந்த மாதிரி திப்பி திப்பியாகிவிடும். முதல் தடவை அப்படி ஆனபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டியிருக்கவே வேண்டாம். ஒரு கரண்டி மைதாவைச் சேர்த்து அடித்தால் கூடிவிடுகிறது. பாக்கி மைதா போட்ட பிறகு பீட்டர் கூடாது, கரண்டியால் மடித்து மடித்து விட வேண்டும். பரோட்டா மாவைப் போட்டு அடிக்கிற மாதிரி அடித்தால் கேக்கும் பரோட்டா மாதிரிதான் இழுக்கும், இரண்டும் மைதாதானே.

ஓடிஜியின் திருகியில் 180 என்று போட்டிருக்கும். நான் இரண்டு வருஷம் அதை வேதவாக்காக நம்பினேன். மேலே வெடித்துக் கறுத்துவிடும், நடுவில் ஈர்க்குச்சியை விட்டால் மாவு ஒட்டும். டின்னை மாற்றினேன், மைதாவை மாற்றினேன், கடைசியில் என் ராசியைக் குறை சொன்னேன். அப்புறம் ஓவனுக்குள் தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தால், 180-ல் வைத்த ஓவனுக்குள் 205 டிகிரி! இப்போது 160-ல் வைக்கிறேன், உள்ளே 180 வருகிறது. அந்த வெப்பமானிக்குக் கொடுத்த காசு நான் இத்தனை வருஷத்தில் கேக்குக்காகச் செய்த செலவிலேயே உருப்படியானது. க்ரீம் பிழியும் முனைகள் 24 அடங்கிய பெட்டி ஒன்றும் வாங்கியிருக்கிறேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஒரு தடவை கேக் உள்ளே போன இருபதாவது நிமிஷம் கரன்ட் போனது. வந்தது நாற்பது நிமிஷம் கழித்து. அது வரைக்கும் கதவைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும், சூடு கொஞ்ச நேரம் உள்ளேயே நிற்கும். நான் திறந்தேன். என் கண் முன்னாலேயே நடுவில் மெல்ல இறங்கி அம்மிக்குழி மாதிரி ஆனது. முட்டையும் மாவும் வெந்து இறுகுவதற்குள் சூடு போய்விட்டால் குமிழைத் தாங்க ஆள் இல்லை. வேகாத நடுவைத் தோண்டி எறிந்துவிட்டு, ஓரத்தை விரல் விரலாக நறுக்கி, மறுநாள் 140 டிகிரியில் காய வைத்தேன். கேக் ரஸ்க். அந்த வாரம் டப்பாவில் போனது அதுதான். இன்று வரைக்கும் எதிர்வீட்டு அண்ணன், “அந்த ரஸ்க்கு மாதிரி ஒண்ணு குடுத்தீங்களே, அது திரும்பக் கிடையாதா?” என்று கேட்கிறார். சரியாக வந்த கேக்கை ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை.

யாருக்கு எது பிடிக்கும் என்பது இப்போது மனப்பாடம். டீச்சருக்கு ஓரத் துண்டு வேண்டும், நடுத்துண்டு கொடுத்தால் முகம் வாடும். ஆபீஸ் தோழிக்கு வாழைப்பழக் கேக். கோழிக்கூடு பழம் தோல் கறுத்து, இனி தூக்கித்தான் போட வேண்டும் என்ற நிலைக்கு வந்தால்தான் அதற்கு ஆகும். அவள் வீட்டில் கறுத்த பழத்தையெல்லாம் பையில் போட்டு என் மேஜையில் வைத்துவிடுவாள், கேக் கேட்கிறாள் என்று அர்த்தம். மார்கழிக் குளிருக்கு உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு கேக். கருப்பட்டியைக் கரைத்துக் கொதிக்க வைத்து மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் வடிகட்டாமல் எவ்வளவு தின்றிருப்போம் என்று தோன்றும். சுக்கும் ஏலக்காயும் இடித்துப் போட்டால் வனிலாவுக்கு வேலையே இல்லை.

கருப்பட்டிக் கேக்கைக் கொடுக்கும்போது “சுகர்காரங்க சாப்பிடலாமா?” என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். என் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி பதினைந்து வருஷமாக இருக்கிறது, அதனால் இந்த விஷயத்தில் நான் பூசி மெழுகுவதில்லை. 200 கிராம் வெண்ணெய், 200 கிராம் சீனி போட்ட கேக்கைப் பதினாறு துண்டு போட்டால், துண்டுக்குப் பன்னிரண்டரை கிராம் வெண்ணெய், அதே அளவு சீனி. மூன்று தேக்கரண்டிச் சீனி. அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். “சரி, முப்பத்திரண்டா வெட்டு” என்றார். இப்போது அவருக்கென்று ஒரு துண்டை வெட்டினால் அதன் வழியாக ஜன்னல் தெரியும். அதையும் நாலு தடவையாகக் கடித்துத் தின்பார்.

சரி, ஏன் விற்கவில்லை? விற்றேன், ஒரு முறை. தெரிந்தவர் ஒருவர் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு கிலோ கேக் கேட்டார். பொம்மை வைக்க வேண்டும், நீலக் கலர் வேண்டும் என்றார். நானும் அந்த 24 முனைப் பெட்டியை நம்பி ஒத்துக்கொண்டேன். வைகாசி மாசம். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் வெண்ணெய் க்ரீமோடு மல்லுக்கு நின்றேன். காலையில் ஸ்கூட்டரில் இவர் ஓட்ட, நான் பின்னால் மடியில் அட்டைப்பெட்டியோடு. ரயில்வே கேட் மூடியிருந்தது. பத்து நிமிஷம் வெயிலில். கேட் திறக்கும்போது பொம்மையின் கவுன் முட்டிக்கு இறங்கி, பிறகு பாதத்துக்கு இறங்கி, மேகம் போல ஆகிவிட்டது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே கொண்டுபோய் அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, “860 கிராம்தான் இருக்கு” என்றார்கள். பணத்தில் கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். நியாயம்தான், ஒரு கிலோ என்றுதானே பேச்சு.

வருத்தம் அதில் இல்லை. அந்த வாரம் தெருவில் யாருக்கும் கேக் போகவில்லை, கை ஓய்ந்துவிட்டது. அடுத்த வாரம் ஐந்து டப்பாவும் அலமாரியில் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்ததைப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது. விலை கொடுத்து வாங்கினவர் பெட்டிக்குள் எதைப் போட்டுத் திருப்பித் தருவார்? கேக் விற்று வீட்டைக் கட்டினவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் கைத்திறனுக்கு முன்னால் நான் ஒன்றுமே இல்லை. எனக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

வருஷத்தில் ஒரே ஒரு வாரம் நான் கேக் சுடமாட்டேன். கிறிஸ்மஸ் வாரம். அப்போது டப்பா எதிர்த்திசையில் வரும். டீச்சர் அக்டோபரிலேயே திராட்சையையும் செர்ரியையும் பேரீச்சையையும் நறுக்கி ரம்மில் ஊறப் போட்டுவிடுவார். எங்கள் வீட்டுக்கென்று ஒரு பங்கு தனியாக, ஆரஞ்சுச் சாறில், கடைசி வாரத்தில் ஊறும். சாறில் ஊறினது நாள் தாங்காது. ரம்மில் ஊறினது மாசக்கணக்கில் கெடாது. நிறம் வருவது சீனியைக் கருக்கித்தான். பொன்னிறம் தாண்டி, செம்பு நிறம் தாண்டி, புகை கிளம்பும்போது வெந்நீரை ஊற்ற வேண்டும். ஒரு நொடி முந்தினால் வெறும் பாகு, ஒரு நொடி பிந்தினால் கசப்பு. ஊற்றும்போது சீறிக்கொண்டு தெறிக்கும். டீச்சர் அந்த நேரம் யாரையும் பக்கத்தில் விடமாட்டார்.

இந்தியாவில் முதல் கிறிஸ்மஸ் கேக் தலச்சேரியில் 1883-ல் சுட்டது என்று சொல்வார்கள். மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம் பிரவுன் என்ற தோட்டத்துரை இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் கொண்டுவந்து காட்டி, இது போலச் செய்து தா என்றாராம். அவரும் உள்ளூர்ச் சரக்கைப் போட்டுச் செய்து கொடுத்துத் துரையை அசத்திவிட்டார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவர் உள்ளூர்ச் சரக்கை வைத்தே அந்தச் சுவையைப் பிடித்தது. என் மாமியாருக்கும் அப்படி ஒரு நாக்கு உண்டு.

மாமியார் கதைக்கு வருகிறேன். முதல் மூன்று வருஷம் என் கேக்கை அவர் தொடவில்லை. முட்டை போடாமல் சுட்டேன். “அந்த டின்னுலதானே மத்ததும் சுடுதே?” என்றார். சரிதானே? தனியாக ஒரு டின் வாங்கி, கைப்பிடி வளையத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்தேன். தனி கரண்டி, தனி பாத்திரம். 1843-ல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தது தன் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக. அந்த அம்மாளுக்கு முட்டையும் ஆகாது என்பதால் அதற்கு ஆறு வருஷம் முன்பே முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும் செய்து வைத்திருந்தார். வீட்டில் ஒருத்தர் ஒன்றைத் தின்ன மாட்டேன் என்றால் எவ்வளவு வேலை நடக்கிறது பாருங்கள்.

முட்டைக்குப் பதில் எனக்குத் தயிர். தயிரின் புளிப்பும் சோடா உப்பும் சேர்ந்து நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்குவதற்குள் மாவைக் கலந்து ஓவனுக்குள் தள்ளிவிட வேண்டும். அந்த வேகத்துக்குப் பின்கட்டில் நான் ஓடுகிற ஓட்டத்தை மாமியார் நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். சுட்டு ஆறின பிறகு ஒரு துண்டு, காபியோடு. ஒவ்வொரு முறையும் ஒரே தீர்ப்பு: “இனிப்பு தூக்கலா இருக்கு.” அடுத்த வாரம் சீனியைக் குறைத்தேன். “சப்புன்னு இருக்கு.” ஆறு வருஷத்தில் நல்லா இருக்கு என்று ஒரு சொல் கிடையாது. நானும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வருகிறேன். மாமியார் அம்பாசமுத்திரத்துத் தங்கையோடு போனில். முந்தின வாரம் சிவப்பு நூல் டின் கேக்கில் பாதியைத் தங்கைக்குக் கொண்டுபோயிருந்தார், அது எனக்கே டப்பாவைத் தேடும்போதுதான் தெரிந்தது.

“ஏட்டி, எழுதுதியா? தயிரு ஒரு கப்பு. லேசாப் புளிச்சிருக்கணும், ரொம்பப் புளிக்கக் கூடாது. சீனி முக்காக் கப்பு. சீனி கரைஞ்ச பொறவு சோடா உப்பு அரை டீஸ்பூனு, பேக்கிங் பவுடரு ஒண்ணேகாலு. நொரைச்சுட்டு வரும், பயப்படாத. எண்ணெ அரைக் கப்பு. மைதா ஒண்ணரை, ரெண்டு தடவை சலிச்சுக்கோ. போட்டு அடிக்காத, மடிச்சு மடிச்சு விடு. இல்லன்னா பரோட்டா கெணக்கா ஆயிரும். ம்... அந்த டப்பாவை மறக்காமக் குடுத்து விடு, இவ தேடுதா. ஓவனா? அதுல 180-னுதான் போட்டிருக்கும். நம்பாத. 160-ல வையி.”